பிளம்பர் லைசென்ஸ் பயிற்சி: வகுப்பு பிரமாதம், அப்ரண்டிஸ் பாதியில்தான் உஷார் வேண்டும்

பிளம்பர் லைசென்ஸுக்கான பயிற்சியில் சேரலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த ரிவியூ. வகுப்பு, ஒர்க்‌ஷாப், அப்புறம் லைசென்ஸ் உள்ள ஒருவருக்குக் கீழே அப்ரண்டிஸாக வேலை பழகுவது, கடைசியில் தேர்வுக்குத் தயார்ப்படுத்துவது என்று எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கொடுக்கும் மையம் ஒன்றில் முழுசாக முடித்துவிட்டு எழுதுகிறேன். மையத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு இடத்தோடு முடிந்துபோகிறவை கிடையாது. இந்த மாதிரிப் பேக்கேஜ் எங்கே விற்றாலும் அதே ஓட்டை அங்கேயும் இருக்கும் என்றுதான் கூடப் படித்தவர்கள், வேறு இடத்தில் படித்தவர்கள் எல்லோரிடமும் பேசியதில் தெரிகிறது. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது கட்டின பணத்துக்கு மேலேயே இருந்தது. அப்ரண்டிஸ் பாதியை மட்டும் அவரவர் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். கோர்ஸ் முடித்தால் கிடைப்பது சான்றிதழ். லைசென்ஸ் வேறு. அதைக் கொடுப்பது அரசாங்கமோ, உள்ளாட்சியோ, அதற்கென்றே இருக்கிற வாரியமோ. பயிற்சி மையத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்புவார்கள், படித்துப் பாருங்கள், "லைசென்ஸுக்கு வழிவகுக்கும்" என்று ஓரமாக ஒரு சொல் இருக்கும். அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: லைசென்ஸ் உள்ளவருக்குக் கீழே இவ்வளவு காலம் வேலை பார்த்ததற்கு ஆதாரம், கூடவே வகுப்புப் படிப்பு, பிறகு எழுத்துத் தேர்வு, பல இடங்களில் செய்முறையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வழக்கமாக 4 வருடம், அமெரிக்காவில் 4 அல்லது 5, ஜெர்மனியில் மூன்றரை. அமெரிக்காவில் பதிவு பெற்ற அப்ரண்டிஸ்ஷிப்பில் வருடத்துக்குச் சுமார் 2,000 மணி நேரம் வேலை, 144 மணி நேரம் வகுப்பு என்பது வழக்கமான கணக்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வகுப்பு என்பது மொத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் சைட்டில். ஆனால் சேர்க்கும்போது நமக்குச் சுற்றிக் காட்டுவது எதை? அந்தப் பதினைந்தில் ஒரு பங்கைத்தான்.

விதி இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். பிரிட்டனில் சாதாரண பிளம்பிங் வேலைக்குச் சட்டப்படி லைசென்ஸே கட்டாயமில்லை, ஆனால் கேஸ் லைனைத் தொட வேண்டுமென்றால் கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் இருந்தே ஆக வேண்டும். அதனால் நீங்கள் வேலை பார்க்கப்போகும் இடத்தில் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம் என்ன கேட்கிறது என்பதை அவர்களிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் மையத்துக்குப் போங்கள். சில வாரத்தில் பிளம்பர் ஆகலாம் என்று சொல்கிற குட்டி கோர்ஸ்களைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. வீட்டு டேப்பை நீங்களே மாற்றிக்கொள்ள அது போதும், லைசென்ஸுக்கு அந்த நாட்கள் கணக்கில் வருமா என்பதே சந்தேகம்.

சரி, ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது என்பதுதான் உண்மை. பைப்பை வெட்டு, வெட்டு, வெட்டு என்று அதையே செய்யச் சொன்னார்கள். வெட்டிய முனை நேராக இருக்க வேண்டும், உள்பக்கப் பிசிரைச் சுரண்ட வேண்டும், வெளிவிளிம்பைக் கொஞ்சம் சாய்த்துத் தேய்க்க வேண்டும், சால்வென்ட் (பைப் ஒட்டும் பசை) போடாமல் ஒரு முறை செருகிப் பார்த்து எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று பென்சிலால் கோடு போட வேண்டும். அப்புறம்தான் சால்வென்ட் டப்பாவையே திறக்க விடுவார்கள். பைப்பிலும் அதை இணைக்கிற பிட்டிங்கிலும் தடவி, செருகும்போது கால் சுற்று திருப்பி, கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பைப் மெதுவாக வெளியே வந்துவிடும். இதையெல்லாம் யாருக்குத் தெரியாது என்று தோன்றும். எங்கள் பயிற்றுநர் அதற்கு வைத்திருந்த வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடித்தது: நாங்கள் ஒட்டி முடித்த ஜாயின்ட்டை மறுநாள் ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து மேசைமேல் வைத்துவிடுவார். எங்கே சால்வென்ட் படவே இல்லை, எங்கே உள்ளே வழிந்து கட்டியாக நிற்கிறது, கோடு வரைக்கும் பைப் போயிருக்கிறதா என்று எல்லாம் அப்படியே தெரியும். வெளியே பார்த்தால் எல்லா ஜாயின்ட்டும் ஒரே அழகுதான்.

செம்பு பைப்பிலும் இதே கதை. சால்டரை, அதாவது ஜாயின்ட்டைப் பற்றவைக்கிற உலோகக் கம்பியை, நேராகத் தீயில் காட்டி உருக்கி ஜாயின்ட்மேல் வடிப்பது புதிதாக வருகிற எல்லோரும் செய்வது. செய்ய வேண்டியது தலைகீழ்: இரண்டு பரப்பையும் பளபளவென்று தேய்த்து, சால்டர் ஒட்டுவதற்கு உதவுகிற ப்ளக்ஸ் பசையைத் தடவி, பிட்டிங்கைச் சூடாக்கி, சூடான பிட்டிங்கில் சால்டர் கம்பியைத் தொட்டால் அதுவே அந்தச் சின்ன இடைவெளிக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். பைப்புக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமிருந்தால் போதும், அது ஆவியாகிக்கொண்டே இருக்கும்வரை சூடு ஏறாது, எவ்வளவு நேரம் டார்ச் பிடித்தாலும் ஓடாது. ஈயம் கலந்த சால்டரை அமெரிக்காவில் 1986-லேயே குடிநீர்ப் பைப்புகளில் தடை செய்துவிட்டார்கள். பழைய கட்டடத்தில் வேலை செய்யும்போது இது ஏன் முக்கியம் என்பதையும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சூட்டில் பைப் நீள்வதைப் பற்றியும் ஒரு நல்ல பாடம் இருந்தது: 10 மீட்டர் செம்பு பைப் 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், அதே நீளத்துக்கு சிபிவிசி (சுடுதண்ணீருக்குப் போடுகிற பிளாஸ்டிக் பைப்) அதைப்போல் மூன்று நாலு மடங்கு. சுடுதண்ணீர் லைனை சுவரோடு சுவராக இறுக்கிக் கிளாம்ப் அடிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பயிற்சியில் ஆகச் சிறந்த பகுதி டிரெய்னேஜ். விளம்பரத்தில் அதற்கு ஒரு படம்கூட இல்லை, பளபளக்கும் மிக்சரும் ஷவரும்தான் இருக்கும். எனக்கோ இதற்காக மட்டுமே இன்னொரு முறை பணம் கட்டலாம் என்று தோன்றும். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் பைப்பில் இரண்டு மாடிக் கழிவுநீர் லைன் ஒன்றைச் சுவரில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே வளைந்த ட்ராப், அதில் தேங்கி நிற்கும் தண்ணீர் வெளியிலிருந்தே தெரியும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் அடைத்து நிற்கிற மூடி; பெரும்பாலான விதிகள் அது குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழம் நிற்க வேண்டும் என்கின்றன. பயிற்றுநர் லைனுக்குள் காற்று வர விடுகிற வென்ட் பைப்பின் வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மேல் மாடியில் ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டச் சொன்னார். தண்ணீர் கீழே இறங்கும்போது பின்னால் காற்றை இழுக்கிறது, காற்று வர வழியில்லை, கீழ்மாடி ட்ராப்பில் இருந்த தண்ணீர் களக் களக் என்று சத்தம் போட்டபடி நம் கண்ணெதிரே உறிஞ்சப்பட்டுக் காலியாகிறது. கையை எடுத்துவிட்டு இன்னொரு வாளி ஊற்றினால் ட்ராப்பில் லேசான ஆட்டம், அவ்வளவுதான். வென்ட் எதற்கு என்று புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் இது வராது. வீட்டில் சிங்க்கில் தண்ணீர் விட்டால் பாத்ரூமில் களக் களக் என்கிறதே, அது என்ன என்று அந்த நிமிஷம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வளைந்த ட்ராப் ஒன்றும் புதுசு இல்லை, 1775-லேயே லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் எஸ் வடிவ ட்ராப்போடு கூடிய ஃப்ளஷ் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அந்த எஸ்-ட்ராப்புக்கு ஒரு சுபாவம் உண்டு, தன் தண்ணீரைத் தானே உறிஞ்சிக் காலி செய்துகொள்ளும். அதனால்தான் பல இடங்களில் சிங்க்குக்குக் கீழே அதைப் போடக் கூடாது என்று விதியே இருக்கிறது, பக்கவாட்டில் சுவருக்குள் போகிற பி-ட்ராப்பும் வென்ட்டும்தான். வாட்டமும் இதோடு சேர்ந்ததுதான். சின்ன பைப்புக்கு மீட்டருக்குச் சுமார் 20 மில்லிமீட்டர் வாட்டம் என்று மனப்பாடமாகச் சொல்வோம், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் இன்னும் வேகமாகப் போகுமே என்றும் நினைப்போம். ட்ராப்பிலிருந்து வென்ட் வரைக்கும் போகிற அந்தத் துண்டு பைப்பில் மொத்த இறக்கம் பைப்பின் விட்டத்தைத் தாண்டிவிட்டால் வென்ட்டின் வாய் ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்விடும், வென்ட் இருந்தும் இல்லாத மாதிரி. ரசமட்டத்தை வைத்து அளந்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் காட்டி, தப்பாகக் கட்டிய லைனையும் சரியாகக் கட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார்கள்.

இதெல்லாம் வெறும் நாற்றப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் கதையைச் சொல்லலாம். 2003-ல் சார்ஸ் பரவியபோது அந்த ஒரே குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்தது. விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், பாத்ரூம் தரையில் இருந்த ட்ராப்புகள் பல தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்திருக்கின்றன, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது கழிவுநீர்ப் பைப்பிலிருந்து கிருமி கலந்த நீர்த்துளிகளை வீட்டுக்குள் இழுத்திருக்கிறது. ட்ராப்பில் ஒரு குவளைத் தண்ணீர் நின்றிருந்தால் போதும். வகுப்பில் இதைச் சொன்னபோது பின் வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தண்ணீர் பின்னோக்கி ஓடும் சமாச்சாரத்தையும் இதே தரத்தில் நடத்தினார்கள். வாளிக்குள் முங்கிக் கிடக்கிற ஹோஸ் பைப், அந்த நேரம் பார்த்துத் தெருவில் மெயின் லைனில் அழுத்தம் விழுகிறது, வாளியில் இருக்கிற சோப்புத் தண்ணீரோ பூச்சிமருந்தோ குடிநீர் லைனுக்குள் போய்விடும். அதற்கு ஆகப் பழைய, ஆக மலிவான தீர்வு நடுவில் வெறும் காற்று: டேப்பின் வாய்க்கும் தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கும் இடையே, டேப் வாயின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இடைவெளி. 1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த சமயம், இரண்டு ஹோட்டல்களில் குடிநீரும் கழிவுநீரும் கலக்கும்படி இருந்த பிளம்பிங்கால் அமீபா சீதபேதி பரவி, கிட்டத்தட்ட 100 பேர் செத்துப்போனார்கள். இந்த வேலைக்கு லைசென்ஸ் எதற்கு என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு நான் இப்போது இந்த ஒரு பதிலைத்தான் வைத்திருக்கிறேன்.

சுடுதண்ணீர் பற்றிய பகுதி பரவாயில்லை ரகம். நிமோனியா வரவைக்கிற லெஜியோனெல்லா கிருமி 20-லிருந்து 45 டிகிரி வரைக்கும் சுகமாக வளரும் என்பதால் தொட்டியில் 60 டிகிரி வைக்கச் சொல்வார்கள். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும், அதனால் டேப்புக்கு முன்னால் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கிற மிக்சிங் வால்வு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்த இழுபறியைச் சொன்னது நல்லது. அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வின் வாயை, சொட்டுகிறது என்று பிளக் போட்டு அடைக்கக் கூடாது என்பதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்கள், அதுவும் நல்லது.

பைப் அளவு கணக்கிடுவது மட்டும் படு மோசம். டேபிளைப் பார், ஒவ்வொரு டேப்புக்கும் ஃப்ளஷுக்கும் போட்டிருக்கிற எண்ணைக் கூட்டு, பைப்பைத் தேர்ந்தெடு, அவ்வளவுதான் வகுப்பு. அந்த டேபிளுக்குப் பின்னால் இருப்பவர் ராய் ஹன்டர், அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் இருந்தவர், 1940-ல் வெளியிட்ட முறை. ஒரு கட்டடத்தில் எல்லா டேப்பும் ஒரே நேரத்தில் திறக்காது, எத்தனை சேர்ந்து திறக்க வாய்ப்பு இருக்கிறது என்பதை நிகழ்தகவு வைத்துக் கணக்கிடலாம் என்பதுதான் அவர் யோசனை. அதைச் சொல்லியிருந்தால் ஏன் அந்த எண்களைக் கூட்டுகிறோம் என்றாவது புரிந்திருக்கும், அவர் காலத்து டேப்பும் ஃப்ளஷும் குடித்த தண்ணீரில் பாதிகூட இன்றைக்கு உள்ளவை குடிப்பதில்லை என்பதால் அந்த முறையில் போட்டால் பைப் தேவைக்கு மேல் பெரிதாக வருகிறது என்பதும் புரிந்திருக்கும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம், பைப்பைப் பெரிதாக்கினால் அந்த அழுத்தம் கூடாது, ஓடும்போது உரசலில் இழப்பதுதான் குறையும் என்ற அடிப்படை விஷயத்தையே நான் பிறகு சைட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு பெரிய குறை, பாதுகாப்பு. சேம்பர், மேன்ஹோல், மூடிக் கிடந்த தொட்டி, இவற்றுக்குள் இறங்குவதைப் பற்றி ஒரு மதியவேளையில் வீடியோ போட்டு முடித்துவிட்டார்கள். ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மோப்பமே செத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மேலே வரமாட்டார். அவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே. கேஸ் மீட்டர் வைத்து அளந்து, காற்றோட்டம் கொடுத்து, மேலே ஆள் நிறுத்தாமல் யாரும் இறங்கச் சொல்லக் கூடாது, சொன்னால் முடியாது என்று சொல்ல நமக்குத் தைரியம் வர வேண்டும். அந்தத் தைரியத்தை வீடியோ தராது. பணம் வாங்குகிற மையம் இதற்கு இரண்டு நாளாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

இப்போது அப்ரண்டிஸ். லைசென்ஸ் உள்ளவரிடம் சேர்த்துவிடுவோம் என்று சொன்னார்கள், சேர்த்தும் விட்டார்கள், பொய் சொல்லவில்லை. சேர்த்துவிட்ட இடம் ஒரு பெரிய புதுக் கட்டடம். அங்கே எனக்குக் கொடுத்த வேலை தளம் தளமாகக் கிளாம்ப் அடிப்பது. ஒரு தளம் முடிந்தால் அடுத்த தளம், அதே இடம், அதே உயரம், அதே கிளாம்ப். நடுவில் பைப் தூக்குவது, சுவரில் காடி வெட்டுவது. லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்துப் போடத்தான் வருவார். செய்த வேலையையும் நேரத்தையும் பதிகிற லாக்புக்கில் டிரெய்னேஜ், குடிநீர், சுடுதண்ணீர், பழுது பார்ப்பது, டெஸ்டிங் என்று தனித்தனிப் பத்தி இருக்கும். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் எல்லாப் பத்தியையும் நிரவி நிரப்பிக் கொண்டுவந்து நீட்டுவார், கையெழுத்து விழும். நான் ஒரு வால்வைக்கூட பிரித்துப் பார்க்காத மாதத்தில் பழுது பார்த்ததாக அதில் மணிக்கணக்கு இருந்தது. மையத்தில் இதைச் சொன்னபோது கிடைத்த பதில், "மணி நேரம் ஏறுதில்ல, அப்புறம் என்ன?"

அந்த மணி நேரம் ஏறுவதுதான் ஆபத்து. ஏனென்றால் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவுடன் ஒரு வீட்டுக்காரர் போன் போட்டு சுவர் ஈரமாக இருக்கிறது என்பார், அங்கே கிளாம்ப் அடித்த அனுபவம் உதவாது. நானே அலைந்து திரிந்து இன்னொரு லைசென்ஸ் உள்ளவரிடம் மாறிக்கொண்டேன், மையம் செய்த உதவி ஒரு கடிதம், அதுவும் கெஞ்சிய பிறகு. இரண்டாவது இடம் சின்னது, அவரும் இன்னொருவரும்தான், முழுக்க முழுக்கப் பழுது வேலை. சம்பளம் முன்னதைவிடக் குறைவு. ஆனால் நான் பிளம்பர் ஆனது அங்கேதான்.

அவர் வேலை பார்க்கும் விதத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு வீட்டில் தண்ணீர்க் கட்டணம் திடீரென்று எகிறிவிட்டது, தரைக்குள் பைப் உடைந்திருக்கிறது என்று முடிவே கட்டி, டைல்ஸை எங்கே பெயர்க்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் உளியை வண்டியிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லா டேப்பையும் மூடச் சொல்லிவிட்டு மீட்டர் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தார். மீட்டரில் இருக்கிற அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம் விட்டு விட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் போகும் மெயின் வால்வை மூடினார், சக்கரம் நின்றது. ஆக மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் பிரச்சினை இல்லை. பிறகு உள்ளே ஒவ்வொரு கிளை வால்வாக மூடித் திறந்து, "தம்பி, சுத்துதா, நிக்குதா?" என்று கத்திக் கேட்பார், நான் மீட்டரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பாத்ரூம் லைனை மூடியதும் நின்றது. ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து கொஞ்சம் கலர் பொடியைக் கரைத்துவிட்டு, யாரும் ஃப்ளஷ் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். கோப்பையின் பின்பக்கச் சுவரில் மெல்லிசாக ஒரு நீலக் கோடு இறங்கியது. உள்ளே வால்வின் ரப்பர் கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு நம்பவே முடியவில்லை, அப்படியானால் தரையை உடைக்க வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார். அன்றைக்கு என் லாக்புக்கில் பழுது பத்தியில் எழுதிய நேரம் குறைவுதான், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மீட்டர், கிளை வால்வு, கலர் என்று நான் என்ன வரிசையில் பார்த்தேன் என்பதை என்னையே எழுதச் சொன்னார். அந்த மாதிரி எழுதிய பக்கங்கள்தான் பிறகு தேர்வில் கை கொடுத்தன.

ஆகவே மையத்தில் சேர்வதற்கு முன்னால் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். என் லாக்புக்கில் யாருடைய லைசென்ஸ் எண் ஏறும், அவர் புதுக் கட்டட வேலை பார்ப்பவரா பழுது வேலை பார்ப்பவரா, அவருக்குக் கீழே ஏற்கனவே எத்தனை அப்ரண்டிஸ் என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரு லைசென்ஸுக்குக் கீழே இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று பல இடங்களில் வரம்பே உண்டு, அதைத் தாண்டி உங்களைச் சேர்த்தால் அந்த மணி நேரம் பிறகு செல்லாமல் போகலாம். இடம் மாற வேண்டி வந்தால் பழைய மணி நேரம் கூடவே வருமா, யார் சான்று கொடுப்பார்கள், அடிபட்டால் காப்பீடு யார் பெயரில், இதையெல்லாம் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்குங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற மையத்தில் சேராதீர்கள், அவ்வளவுதான். லாக்புக்கில் வாரா வாரம் கையெழுத்து வாங்குங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் தொழிலை விட்டுப் போய்விட்டால் அந்த மணி நேரத்தை யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் பேட்ச்சில் ஒருவர் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

தேர்வுத் தயாரிப்புக்கு முழு மதிப்பெண். பல இடங்களில் விதிப் புத்தகத்தைத் தேர்வறைக்குள் கொண்டுபோகலாம், அதனால் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது, எது எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் புரட்டியே நேரம் போய்விடும். எங்களுக்குக் கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு நடத்தினார்கள், விடை தெரிந்தாலும் அது எந்த விதியில் இருக்கிறது என்று பக்கத்தைக் காட்டினால்தான் மதிப்பெண். பைப் லைனை ஐசோமெட்ரிக் படமாக, அதாவது மூன்று பக்கமும் தெரிகிற மாதிரி சாய்வாக, வரைவது எனக்குச் சுத்தமாக வராமல் இருந்தது, பயிற்றுநர் மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், அதற்குத் தனியாகப் பணம் எதுவும் கேட்கவில்லை. பிரஷர் டெஸ்ட் கேள்வி எப்படியும் வரும்: பிளாஸ்டிக் லைனைத் தண்ணீர் நிரப்பித்தான் சோதிக்க வேண்டும், அழுத்திய காற்றால் சோதித்தால் ஜாயின்ட் விட்டுப்போகும்போது பிட்டிங் குண்டுபோல் பறக்கும். காரணத்தோடு எழுதுங்கள்.

யாருக்கு இது சரிப்படும் என்று கேட்டால், ஏற்கனவே யாரிடமாவது உதவியாளராக இருந்து கை பழகியவர்களுக்கு இந்த வகுப்புப் பெரிய லாபம். கையில் இருக்கிற வேலைக்குக் காரணம் கிடைக்கும், மாலை நேர பேட்ச் இருந்தால் சைட்டை விடாமலே படிக்கலாம். அப்பாவோ மாமாவோ லைசென்ஸ் உள்ள பிளம்பராக இருந்தால் பேக்கேஜ் வாங்காதீர்கள், வகுப்பை மட்டும் தனியாகச் சேர முடியுமா என்று கேளுங்கள், அப்ரண்டிஸை அவரிடமே பதிவு செய்துவிடலாம். தொழிலே புதிது, யாரையும் தெரியாது என்றால் பேக்கேஜ் தேவைதான், ஆனால் மேலே சொன்ன கேள்விகளோடு போங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொன்ன தொகையில் தேர்வுக் கட்டணம், மறுதேர்வு, லைசென்ஸ் விண்ணப்பம், பாதுகாப்பு ஷூ எதுவுமே சேர்த்தியில்லை. சேரும்போதே டூல் கிட் ஒன்றையும் தலையில் கட்டுவார்கள். வேண்டாம். அதில் இருந்த பைப் ரெஞ்ச்சின் தாடை முதல் துருப்பிடித்த யூனியனிலேயே வழுக்கியது, ரசமட்டத்தைத் திருப்பி வைத்தால் வேறு அளவு காட்டியது. ஒரு நல்ல ரெஞ்ச், ஒரு நல்ல கட்டர், ஒரு நல்ல ரசமட்டம் மட்டும் வெளியே வாங்குங்கள், மீதி எல்லாம் சைட்டில் எது தேவைப்படுகிறது என்று பார்த்துப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். கிட் வாங்கினால்தான் சேர்க்கை என்று சொன்னால், அந்த விதி எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், எங்கள் பேட்ச்சில் கேட்ட இரண்டு பேரிடமும் அதற்குப் பிறகு யாரும் கிட் பேச்சை எடுக்கவில்லை.